எண்பத்து மூன்று மீட்டர்

தால்கே இருபத்து மூன்று வருடம் சூதாட்ட மெஷின் ஹாலில் வேலை பார்த்தாள். அத்தனை வருடத்தில் ஒரு சென்ட்கூட மெஷினுக்குள் போட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஜெர்மனியின் வடக்குக் கடலோரத்தில் இருக்கும் இந்த ஊரில் இப்போது ஆளுக்கொரு கதை பேசுகிறார்கள். பேசுகிறவர்களில் பாதிப் பேர் அவள் கையால் தேநீர் வாங்கிக் குடித்தவர்கள். வெட்கம் கெட்டதுகள்.

என் பெயர் ஃபென்னா. நகராட்சியில் ஒழுங்குத் துறையில் வேலை. நாய் வளர்க்க அனுமதி, சந்தையில் மீன் வண்டி நிறுத்த அனுமதி, மெஷின் ஹால் லைசென்ஸ் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நானே போய்ச் சோதனை செய்வேன். பன்னிரண்டு மெஷினுக்கு மேல் இருக்கக் கூடாது, ஒவ்வொன்றிலும் தேதி தாண்டாத ஒட்டுச்சீட்டு இருக்க வேண்டும், தெருவிலிருந்து பார்த்தால் உள்ளே தெரியாதபடி கண்ணாடியை மூடியிருக்க வேண்டும், மது கூடாது. புனித வெள்ளியன்று கதவே திறக்கக் கூடாது. இப்படி ஒரு பட்டியல். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். டிக் போட்டுவிட்டு வர வேண்டியதுதான்.

தால்கே வேலை பார்த்த ஹாலுக்கு மோவே என்று பெயர், கடற்காக்கை. சொந்தக்காரர் வில்ம்ஸ், இந்த ஊர்க்காரர். தால்கேயும் நானும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். மதகுக் காவலர் ஐலர்ஸின் மகள். பதினாறு வயதில் இறால் உரிக்கும் கொட்டகைக்குப் போனவள். அங்கே குளிர்ந்த தண்ணீரில் ஊறி ஊறி அவள் விரல்கள் தடித்துச் சிவந்து கிடக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "எங்கண்ணன் ஒருத்தனைக் கட்டி மேய்க்கவே எனக்கு நேரம் பத்தல, இதுல இன்னொருத்தனா?" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

அண்ணன் ஒன்னோ. அவளைவிட நான்கு வயது பெரியவர். கப்பல் கட்டும் பட்டறையில் வெல்டர். தங்கமான கை என்று பட்டறையில் சொல்வார்கள். அந்தக் கைக்கு மெஷின் பட்டனும் பழகிப்போனதுதான் கேடு. நாற்பது வயதுக்குள் மனைவி போய்விட்டாள், கார் போயிற்று, நண்பர்கள் போனார்கள். ஒரு மார்ச் மாதம், கடல் உள்வாங்கிய நேரத்தில், வேலைச் சட்டையோடு கடல் தடுப்புக் கரையைத் தாண்டி இறங்கி, சேற்றுவெளியில் நேராக வடக்கே நடந்தார். அலை திரும்பும் நேரம் இங்கே குழந்தைக்கும் தெரியும். அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் நடந்தார். கரை மேல் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆள் பார்த்துவிட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் போய் இழுத்து வந்தார்.

அதற்கு அடுத்த வாரம்தான் தால்கே இறால் கொட்டகை வேலையை விட்டுவிட்டு வில்ம்ஸிடம் போய் வேலை கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. "உன் அண்ணனைக் கொல்லப் பார்த்த இடத்துலயே போய் வேலை பார்க்கப் போறியா?" என்று கேட்டுவிட்டேன்.

"அவன் எங்கயாவது போய்க் காசைத் தொலைக்கத்தான் போறான்டி. என் கண்ணு முன்னால தொலைக்கட்டும்" என்றாள்.

சூதை விட வழி சொல்லும் ஆலோசனை மையத்தில் இருப்பவர்களிடம் இதைச் சொன்னால் தலையில் அடித்துக்கொள்வார்கள். எனக்கும் தெரியும். ஆனால் இருபத்து மூன்று வருடம் ஒன்னோ உயிரோடு இருந்தார். பட்டறை மூடும் வரை வேலைக்குப் போனார். அப்பாவின் வீடு அவர்கள் பேரிலேயே இருந்தது. பின்கட்டில் கோழி வளர்த்தார். இதற்கெல்லாம் காரணம் ஒரு தேநீர்க் கெண்டி என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

ஒரு மெஷினில் ஒரு மணி நேரம் தொடர்ந்து ஆடினால் அது தானாக ஐந்து நிமிடம் நின்றுவிடும். சட்டம் அப்படி. ஆடுகிறவன் கொஞ்சம் மூச்சு விட்டு யோசிக்கட்டும் என்று பெர்லினில் உட்கார்ந்து யாரோ எழுதியது. யாரும் யோசிப்பதில்லை. பக்கத்து மெஷினுக்குத் தாவுவார்கள், அவ்வளவுதான். மற்ற ஹால்களில் அதுதான் வழக்கம். மோவேயில் மட்டும் மெஷின் நின்ற உடனே தால்கே கெண்டியோடு வந்துவிடுவாள். கோப்பையில் கற்கண்டு போட்டு, சூடான தேநீர் ஊற்றி, மேலே ஒரு கரண்டிப் பாலாடை. எங்கள் ஊர்ப்பக்கம் தேநீருக்கு உட்கார்ந்தவன் மூன்று கோப்பை குடிக்காமல் எழுந்தால் வீட்டுக்காரியை அவமதித்த மாதிரி. போதும் என்றால் கரண்டியைக் கோப்பைக்குள் வைக்க வேண்டும். கரண்டியை அவள் கடைசியில்தான் தருவாள்.

கொதிக்கக் கொதிக்க மூன்று கோப்பையை எந்தக் கொம்பனாலும் ஐந்து நிமிடத்தில் குடித்துவிட முடியாது. கால் மணி நேரமாவது ஆகும். அதற்குள் அவள் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பாள். யார் வீட்டுக் கன்று செத்தது, கரையில் எங்கே விரிசல், எந்தப் பாதிரியார் எப்படிப் பாடினார். மூன்றாவது கோப்பை தீரும்போது ஆடுகிறவன் கண்ணில் இருந்த அந்தப் பளபளப்பு கொஞ்சம் அடங்கியிருக்கும்.

"அண்ணே, கோழிக்குத் தண்ணி வைக்கல" என்பாள். ஒன்னோ எழுந்து போய்விடுவார். அவர் மட்டுமல்ல, இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரை அவள் இப்படித்தான் அனுப்பி வைப்பாள். மூன்றாவது நோட்டை நீட்டுகிறவனிடம் கல்லாவைச் சாத்திக்கொண்டு, "சில்லறை தீர்ந்துபோச்சு ராசா" என்று கூசாமல் பொய் சொல்வாள். வில்ம்ஸ் முணுமுணுப்பார். அவரும் புனிதர் இல்லை, மெஷின் வைத்துப் பிழைப்பவர். இருந்தாலும், "அவ கணக்கு அவளுக்கு" என்று விட்டுவிடுவார்.

வியாழக்கிழமை மதியம் நானும் அங்கே போய்த் தேநீர் குடிப்பேன். "வாடி ஆபீசரம்மா, இன்னிக்கு எந்தக் கட்டத்துல டிக் போடப் போற?" என்பாள். வியாழக்கிழமைத் தேநீர் சோதனை அல்ல, சிநேகம். ஊர் இரண்டையும் ஒன்றாகத்தான் பார்த்தது. எனக்கு அது தெரியும்.

பிறகு அந்தச் சட்டம் வந்தது. இரண்டு மெஷின் ஹால்களுக்கு நடுவே நூறு மீட்டராவது இடைவெளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றை மூட வேண்டும். ஐந்து வருடம் தவணை. 2017 ஜூன் 30 கடைசி நாள். மக்களைச் சூதிலிருந்து காப்பாற்றத்தான் இந்தச் சட்டம். நல்ல சட்டம் என்றுதான் நானும் நினைத்தேன்.

மோவேக்கு எதிர்ச்சாரியில் ஒரு பெரிய ஹால் உண்டு. நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கும் கம்பெனிக்காரன் நடத்துவது. எதிர் ஹால் என்றுதான் ஊரில் சொல்வோம். அங்கே கட்டத்துக்குக் கட்டம் எல்லாம் சரியாக இருக்கும். காபி மெஷினில் காபி வரும். மாதத்துக்கு ஒரு புது முகம் கவுன்டரில் இருக்கும். யாரும் யாரையும் ஏன் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை என்று கேட்க மாட்டார்கள்.

கதவிலிருந்து கதவுக்கு நான்தான் அளந்தேன். எண்பத்து மூன்று மீட்டர். தால்கே வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வில்ம்ஸோட தாத்தா பதினேழு மீட்டர் தள்ளிக் கட்டியிருக்கலாம்ல. அறிவு கெட்ட மனுஷன்" என்றாள். பிறகு, "மூடப்போறது எதை?" என்று கேட்டாள். குரலில் விளையாட்டு இல்லை.

என் மேலதிகாரி டிர்க்ஸ் அதைத்தான் என்னிடம் விட்டார். "ரெண்டுல எது இருக்கலாம்னு நீங்களே ஒரு குறிப்பு எழுதுங்க. பார்த்துப் பழகினவங்க நீங்கதானே" என்றார்.

எழுதியிருக்கலாம். இரண்டு பக்கம் போதும். மோவேயில் ஆடுகிறவர்களை எப்படிக் கவனிக்கிறார்கள், எதிர் ஹாலில் எப்படி என்று எழுத என்னைவிடத் தகுதியான ஆள் இந்த மாவட்டத்தில் கிடையாது. ஆனால் எனக்குப் பயம் வந்துவிட்டது. வியாழக்கிழமைத் தேநீர் பயம். சிநேகிதிக்காக எழுதிக் கொடுத்தாள் என்பார்கள், கம்பெனி வக்கீல் அதைக் கோர்ட்டில் சொல்வார், பத்திரிகையில் வரும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இருபத்தெட்டு வருடம் ஒரு கறை படாமல் வேலை பார்த்தவள் நான். அந்தப் பெருமைதான் என்னை ஆட்டி வைத்தது. குலுக்கல் போடலாம் என்று எழுதினேன். வேறு சில ஊர்களிலும் அப்படித்தான் செய்கிறார்கள், யாருக்கும் பாரபட்சம் இல்லை என்று எழுதினேன்.

குலுக்கலுக்கு முந்தின நாள் தால்கே ஆபீசுக்கு வந்தாள். அதுவரை அவள் என் ஆபீஸ் படி ஏறியதில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"ஒன்னோவை நான் அங்க வச்சுத்தான்டி பார்த்துக்கறேன். அந்த இடம் போயிட்டா அவன் எதிர்ப்பக்கம் போவான். அங்க அவனை எழுப்பி விட ஆள் இல்ல. திரும்பவும் சேத்துல இறங்கினா இந்தத் தடவை ஆட்டுக்காரன் இருக்க மாட்டான். இதை எழுத முடியாதா உன்னால?"

"படிவத்துல அதுக்குக் கட்டம் இல்ல தால்கே."

"கட்டம் இல்லன்னா ஓரத்துல எழுது."

நான் எழுதவில்லை. பேனா என் கையில்தான் இருந்தது.

மறுநாள் காலை நகராட்சிக் கூட்ட அறையில் குலுக்கல். தீயணைப்புப் படையினர் கோடை விழாவில் பரிசுச்சீட்டு எடுக்கும் தகர உருளையை இரவல் வாங்கி வந்திருந்தோம். அதன் மேல் ஒட்டியிருந்த பன்றிக்குட்டிப் படத்தைக் கிழிக்க யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு பிளாஸ்டிக் முட்டைக்குள் இரண்டு சீட்டு, வருகிற பெயர் திறந்திருக்கும், மற்றது மூடும். டிர்க்ஸ், வில்ம்ஸ், கம்பெனி வக்கீல், நான். தால்கே கதவோரம் நின்றாள். சூதாட்டத்தைக் குறைக்க நகராட்சி சூதாடுகிறது என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் எனக்குக் கோபம்தான் வந்திருக்கும். உருளையைச் சுற்றிக் கைவிட்டு எடுத்தவள் நான். சீட்டில் எதிர் ஹாலின் பெயர் இருந்தது.

வக்கீல் எல்லாருக்கும் கை கொடுத்தார். வில்ம்ஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். தால்கே என் பக்கம் வந்து, "உனக்குக் கைராசி இல்லடி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் முப்பதாம் தேதி மோவே மூடியது. ஜூலை முதல் தேதி காலை ஒன்னோ எதிர் ஹாலுக்குப் போனார். அவர் பின்னாலேயே தால்கே போனாள்.

வேலை கிடைத்துப் போனாள் என்று நினைக்க வேண்டாம். கேட்டாள், ஐம்பத்தொன்பது வயதுக்காரிக்கு அங்கே இடமில்லை. அவள் அண்ணன் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள், அவ்வளவுதான். பையில் ஃபிளாஸ்க், கற்கண்டு டப்பா. கவுன்டரில் இருந்த இளம்பெண் வந்து பணிவாகத்தான் சொல்லியிருக்கிறாள்: "மன்னிச்சுக்கங்கம்மா, வெளித் தேநீர் இங்க கூடாது. அப்புறம், மெஷின் முன்னாடி உட்கார்ந்தா விளையாடணும். இல்லன்னா இடத்தைக் காலி பண்ணணும். எங்க ஹால் ரூல்."

தால்கே ஃபிளாஸ்கை மூடினாள். பர்ஸைத் திறந்து பத்து சென்ட் போட்டாள்.

அந்த ஆகஸ்டில் சோதனைக்குப் போனபோது இருவரையும் பக்கத்துப் பக்கத்தில் பார்த்தேன். என்னால் நம்ப முடியவில்லை. "நீயா?" என்றேன்.

"நாற்காலி வாடகைடி. ஒரு சுத்து ஓடவிட்டு ஒன்பது நிமிஷம் சும்மா இருப்பேன். இவனைத் தனியா விட்டுட்டுப் போகச் சொல்றியா?"

"இல்ல, ஆனா..."

"உன் கட்டத்துல டிக் போட்டுட்டுப் போ" என்றாள். சிரித்தபடிதான் சொன்னாள். அந்தச் சிரிப்பை நம்பித் தொலைத்தேன். பன்னிரண்டு மெஷின், ஒட்டுச்சீட்டு சரி, கண்ணாடி மூடியிருக்கிறது, உதவி எண் துண்டுத்தாள் வாசலில் இருக்கிறது. டிக், டிக், டிக்.

நவம்பரில் போனபோது அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிப்ரவரியில் அவள் இரண்டு மெஷினில் ஆடிக்கொண்டிருந்தாள், ஒன்று ஐந்து நிமிடம் நிற்கும்போது கை தானாக மற்றதற்குப் போனது. பக்கத்தில் ஒன்னோ இல்லை. இறால் உரித்த அந்தத் தடித்த விரல் பட்டன் மேல் அத்தனை லேசாக விழுந்தது.

மார்ச் மாதம் ஒன்னோ ஆபீசுக்கு வந்தார். சட்டை இஸ்திரி போட்டு, தலை வாரி வந்திருந்தார். பழைய ஞாபகத்தில் நான் பயந்துபோனேன். மார்ச் ஆயிற்றே.

"ஃபென்னா, அவளை உள்ள விடாதேன்னு நான் கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா?"

"முடியாது அண்ணே. அவளே வந்து எழுதிக் கொடுத்தாத்தான். நீங்க ஆடுறது?"

"நான் விட்டு மூணு மாசமாச்சு."

எனக்குப் புரியவில்லை. அவர் தொப்பியை முழங்காலில் வைத்துச் சுற்றிக்கொண்டே சொன்னார்.

"கிறிஸ்துமஸ்க்கு ஒரு வாரம் இருக்கும். எனக்கு அன்னிக்குக் கையில ஒண்ணும் இல்ல, போகலாம்னு எழுந்தேன். 'தால்கே, வா போகலாம், கோழிக்குத் தண்ணி வைக்கல'ன்னு நான் சொல்றேன். நான் சொல்றேன் ஃபென்னா. அவ திரும்பிக்கூடப் பார்க்கல. 'இரு அண்ணே, இந்த ஒரு சுத்து'ங்கறா. அது என் வார்த்தை. முப்பது வருஷமா நான் அவகிட்ட சொன்ன வார்த்தை. அந்தக் கண்ணு இருக்கே, அதை நான் கண்ணாடியில பார்த்திருக்கேன். வெளிய வந்து தெருவிலயே வாந்தி எடுத்தேன். அதோட சரி. அந்த வாசப்படி மிதிக்கல."

"அவகிட்டப் பேசிப் பார்த்தீங்களா?"

"குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சும்பாங்க. எங்கள மாதிரி ஆடுறவங்க பேச்சு அந்த வாசல் வரைக்கும்கூட வராது. தினமும் சத்தியம் பண்றா, அழறா. காலையில பத்து மணிக்கு அங்க இருக்கா. தேத்தண்ணி போட்டு வச்சுக்கிட்டு வீட்டுல உட்கார்ந்திருக்கேன். அவ எப்படி இத்தனை வருஷம் எனக்காக உட்கார்ந்தான்னு இப்பத்தான் தெரியுது."

சேற்றில் விழுந்தவனைத் தூக்கப் போனவள் அவனைக் கரையேற்றிவிட்டுத் தான் உள்ளே நின்றுவிட்டாள். அன்று அந்த மனிதர் போன பிறகு ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். யாரைக் குறை சொல்வது? அந்தக் குறிப்பில் என் கையெழுத்துதான் இருக்கிறது.

வில்ம்ஸ் அதற்குள் வழக்குப் போட்டிருந்தார். இலையுதிர் காலத்தில் தீர்ப்பு வந்தது. இரண்டு இடத்தையும் எடைபோட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது அதிகாரியின் கடமை, அதைக் குலுக்கலில் விட்டது செல்லாது என்று நீதிபதி எழுதியிருந்தார். மறுபடி முறையாக முடிவு எடுக்கும் வரை இரண்டு ஹாலும் திறந்திருக்கலாம். பதினைந்து மாதம் கழித்து! தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை. அந்தத் தீர்ப்பை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

மறுபடி முடிவுக் குறிப்பு எழுதும் வேலை என் மேஜைக்கே வந்தது. இந்த முறை எழுதினேன். ஒருவர் விடாமல், தால்கே வீட்டுக்கு அனுப்பி வைத்தவர்களைப் பற்றி, கெண்டியைப் பற்றி, தீர்ந்துபோன சில்லறையைப் பற்றி. கட்டத்தில் அடங்காததை ஓரத்தில் எழுதினேன். யார் என்ன சொன்னால் எனக்கென்ன?

வில்ம்ஸ் சொன்னார்: "தால்கே வந்தா நாளைக்கே திறக்கறேன். அவ இல்லாம எனக்கு எதுக்கு இந்த ஹால்? வித்துட்டுப் போயிடுவேன்."

ஒன்னோவிடம் சொன்னபோது அவர் முகம் மாறியதை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். "வேலைக்கு வந்துட்டா அவ ஆட முடியாதுல்ல?" என்று கேட்டார். "வேலை செய்யறவங்க ஆடக் கூடாதுன்னு ரூல் இருக்குல்ல?" இருக்கிறது என்றேன். "அப்ப பொழைச்சா" என்றார். இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு திங்கட்கிழமை காலை வில்ம்ஸ் மோவேயைத் திறந்து கொடுத்தார். ஒன்னோ கவுன்டரைத் துடைத்து, வீட்டிலிருந்து கெண்டி கொண்டுவந்து, மூன்று கோப்பை எடுத்து வைத்தார். அவருக்கு, எனக்கு, தால்கேக்கு. மெஷின்களுக்கு இன்னும் மின்சாரம் கொடுக்கவில்லை. நான் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு எதிர் ஹாலுக்கு நடந்தேன். அவள் இருபத்து மூன்று வருடம் கழுத்தில் மாட்டியிருந்த சாவிக்கொத்து.

அவள் மூலையில் இருந்தாள். இளைத்துப்போயிருந்தாள். பக்கத்தில் நின்றேன், தெரியாத மாதிரி ஆடினாள். கொஞ்ச நேரத்தில் மெஷின் நின்றது. திரையில் ஐந்து நிமிடம் என்று எண் வந்து ஒவ்வொரு நொடியாகக் குறைந்தது. அவள் கை பக்கத்து மெஷினுக்குப் போனது, அதில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். அதனால்தான் என்னைப் பார்த்தாள்.

"என்னடி ஆபீசரம்மா, ஒட்டுச்சீட்டு சரியா இருக்கா?"

நான் வேகமாகச் சொன்னேன். தீர்ப்பு வந்தது, வில்ம்ஸ் காத்திருக்கிறார், அதே சம்பளம், அதே கவுன்டர், ஒன்னோ தேநீர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் செய்தது தப்பு என்றும் சொன்னேன். அதைச் சொல்ல எனக்குப் பதினைந்து மாதம் ஆயிற்று. சாவிக்கொத்தை அவள் மடியில் வைத்தேன்.

அவள் சாவியை எடுத்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். இது முன்கதவு, இது கல்லா, இது பின்கதவு. கண்ணில் நீர் கோத்தது. வந்துவிடுவாள் என்று நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன்.

"அண்ணன் ஆடறதில்லையா இப்ப?"

"சுத்தமா விட்டாச்சு. உனக்காகத்தான் உட்கார்ந்திருக்காரு."

"நல்லா இருக்கட்டும்" என்றாள். திரையைப் பார்த்தாள். முப்பது நொடி இருந்தது. சாவிக்கொத்தை என் கையில் திருப்பி வைத்து, என் விரல்களை அவளே மூடினாள்.

"அங்க வேலை பார்க்கறவங்க ஆடக் கூடாதேடி" என்றாள்.

மெஷின் பாட ஆரம்பித்தது. அவள் திரும்பிக்கொண்டாள்.

அந்த எண்பத்து மூன்று மீட்டரை நான் எப்படித் திரும்பி நடந்தேன் என்று எனக்கு நினைவில்லை. ஒன்னோ கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். நான் தனியாக வருவதைப் பார்த்தார், கையில் சாவியைப் பார்த்தார். அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது?

அவர் மாட்டியிருந்த கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"எங்க அண்ணே?"

"அவ எனக்காகப் போய் உட்கார்ந்தா. நான் அவ பக்கத்துல போய்க் கொஞ்ச நேரம் உட்காரக் கூடாதா?"

நான் கதவை மறித்து நின்றேன். "உட்கார்ந்தா காசு போடணும் அண்ணே. அங்க அதுதான் ரூல்."

அவர் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். மூன்று கோப்பையிலும் கற்கண்டு போட்டு, மூன்றிலும் தேநீர் ஊற்றினார். நாங்கள் இருவரும் மும்மூன்று கோப்பை குடித்தோம். எனக்குக் கரண்டி கொடுத்தார், கோப்பைக்குள் வைத்தேன். தன் கோப்பையிலும் வைத்தார். அவள் கோப்பை ஆறிப்போய்விட்டது. அதை எடுத்துக் கொட்டிவிட்டு, புதிதாகக் கற்கண்டு போட்டு, மறுபடி ஊற்றி வைத்தார்.